பிரவுசரில் லாகின் ஆகிறது, மென்பொருளில் 407 வருகிறது: ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் டெஸ்க்டாப் மென்பொருளில் உள்நுழைவைக் கையாள்வது

கேள்வி சுருக்கமாக இது: எங்கள் டெஸ்க்டாப் மென்பொருள் பயனரைப் பிரவுசர் வழியாக உள்நுழைய வைக்கிறது. நேரடி இணைய இணைப்பில் எல்லாம் சரியாக நடக்கிறது. ப்ராக்ஸி (வெளியே போகும் இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று கடத்தும் சர்வர்) வைத்திருக்கும் அலுவலகங்களில் மட்டும், பிரவுசர் பக்கம் "உள்நுழைந்துவிட்டீர்கள், இந்த ஜன்னலை மூடலாம்" என்கிறது; மென்பொருளோ "உள்நுழைய முடியவில்லை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்" என்கிறது. லாக்கில் (மென்பொருளின் நிகழ்வுப் பதிவில்) 407 என்ற பிழை எண். செட்டிங்ஸில் ப்ராக்ஸிக்கென்று யூசர்நேம், பாஸ்வேர்ட் பெட்டிகள் இரண்டு வைத்துவிட்டால் போதுமா?

போதாது. பெரும்பாலான அலுவலகங்களில் அந்தப் பெட்டிகள் தேவையே படாது. சில இடங்களில் அவற்றால் பயனரின் கணக்கே பூட்டிக்கொள்ளும். பெட்டியை வைப்பதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது மென்பொருளுக்குள் இருக்கிறது: ப்ராக்ஸியிடம் "நான் யார்" என்று சொல்வதும், உங்கள் சேவையிடம் "நான் யார்" என்று சொல்வதும் இரண்டு தனி வேலைகள். உங்கள் நிரல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. "கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்" என்ற அந்தப் பிழைச்செய்தியே அதற்குச் சாட்சி. எந்தக் கடவுச்சொல்லை? பயனருக்குத் தெரியாது, அந்த வரியை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

401, 407, 403 மூன்றையும் முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். 401 என்பது நீங்கள் போய்ச் சேர வேண்டிய சர்வர் சொல்வது. 407 ப்ராக்ஸி சொல்வது. இப்படி ஒரு கோரிக்கை புறப்பட்டதே அந்தச் சர்வருக்குத் தெரியாது. 401-க்கான பதில் ஆத்தரைசேஷன் என்ற ஹெடரில் (கோரிக்கையின் தலைப்பு வரியில்) போகும், 407-க்கான பதில் ப்ராக்ஸி-ஆத்தரைசேஷன் என்ற வேறொரு ஹெடரில் போகும். எச்டிடிபியின் இன்றைய வரையறையான ஆர்எஃப்சி 9110 (இணையத் தரநிலை ஆவணம், 2022) இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. 403 சர்வரிடமிருந்தும் வரலாம், ப்ராக்ஸியிடமிருந்தும் வரலாம். ப்ராக்ஸி 403 சொன்னால் "உன்னைத் தெரிகிறது, ஆனால் இந்த இடத்துக்குப் போக உனக்கு அனுமதி இல்லை" என்று பொருள். அப்போது மறுபடி கடவுச்சொல் கேட்பது வீண். பயனர் தன் நெட்வொர்க் நிர்வாகியிடம்தான் போக வேண்டும். அதை மென்பொருளே சொல்லிவிட வேண்டும்.

இனி உங்கள் உள்நுழைவில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்ப்போம். டெஸ்க்டாப் மென்பொருளுக்கான ஓஆத் (கடவுச்சொல்லை மென்பொருளிடம் கொடுக்காமல் அனுமதி வழங்கும் முறை) நடைமுறையை ஆர்எஃப்சி 8252 (2017) சொல்கிறது: உள்நுழைவுப் பக்கத்தை மென்பொருளுக்குள் பதிக்காதே, பயனரின் சொந்தப் பிரவுசரில் திற, பதிலை 127.0.0.1-இல் (அதே கணினியைச் சுட்டும் முகவரி) ஒரு தற்காலிகப் போர்ட்டில் வாங்கிக்கொள். உங்கள் மென்பொருளும் அப்படித்தான் செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பிரவுசர் திறக்கிறது. அது இயங்குதளத்தின் ப்ராக்ஸி அமைப்பைப் படிக்கிறது. ப்ராக்ஸி 407 சொன்னால் விண்டோஸ் உள்நுழைவையே காட்டி, பயனருக்குத் தெரியாமலேயே உள்ளே போய்விடுகிறது. பயனர் உங்கள் சேவையில் தன் கடவுச்சொல்லைக் கொடுக்கிறார். சேவை ஓர் அங்கீகாரக் குறியீட்டைத் தந்து பிரவுசரை 127.0.0.1-க்குத் திருப்புகிறது. உங்கள் மென்பொருள் குறியீட்டைப் பெற்றுக்கொண்டு, பிரவுசரில் "உள்நுழைந்துவிட்டீர்கள்" பக்கத்தைக் காட்டுகிறது. இதுவரை எல்லாம் பிரவுசரின் உழைப்பு.

அடுத்து அந்தக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் (சேவையைப் பயன்படுத்தக் காட்டும் அனுமதிச் சான்று) வாங்க வேண்டும். இந்தக் கோரிக்கையை அனுப்புவது பிரவுசர் இல்லை, உங்கள் மென்பொருள். அது முதன்முறையாகத் தன் சொந்தக் காலில் ப்ராக்ஸியின் முன்னால் போய் நிற்பது இந்த இடத்தில்தான். டோக்கன் முகவரி எச்டிடிபிஎஸ் என்பதால், மென்பொருள் முதலில் ப்ராக்ஸிக்கு கனெக்ட் என்ற கட்டளையை அனுப்புகிறது: இன்ன பெயருள்ள சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை திறந்து கொடு. ப்ராக்ஸி 407 சொல்லி நிறுத்துகிறது. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறைகுறியாக்க அடுக்கு) பேச்சு தொடங்கவே இல்லை. டோக்கன் கோரிக்கையின் ஓர் எழுத்துகூட வெளியே போகவில்லை. ஆனால் உங்கள் நிரலில் "டோக்கன் வாங்குதல் தோல்வி" என்று ஒரே ஒரு கிளைதான் இருக்கிறது. அந்தக் கிளை "உள்நுழைய முடியவில்லை" என்று எழுதுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மூன்று திருத்தங்கள் தாமாகவே கிடைக்கும்.

ஒன்று, 407-இல் நின்றபோது அங்கீகாரக் குறியீடு இன்னும் செலவாகவில்லை. ஓஆத் குறியீட்டை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம், ஆனால் இங்கே அது சேவையைத் தொடவே இல்லை. ப்ராக்ஸி சிக்கலைத் தீர்த்துவிட்டு அதே குறியீட்டை அனுப்பலாம். பயனரை மறுபடி பிரவுசருக்கு விரட்ட வேண்டாம். நேரம் மட்டும் முக்கியம். குறியீட்டின் ஆயுள் அதிகபட்சம் 10 நிமிடம் இருக்கலாம் என்பது ஆர்எஃப்சி 6749-இன் பரிந்துரை. பல சேவைகள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கும்.

இரண்டு, அதனாலேயே ப்ராக்ஸி வேலையைப் பிரவுசரைத் திறப்பதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். "உள்நுழை" பொத்தானை அழுத்தியவுடன், டோக்கன் தரும் அதே சர்வருக்கு மென்பொருளே ஒரு சிறிய கோரிக்கை அனுப்பட்டும். சேவை தன் உள்நுழைவு முகவரிகளை வெளியிடும் ஓப்பன்ஐடி அமைப்புக் கோப்பைக் கேட்டால்கூடப் போதும். 407 வருவதென்றால் அப்போதே வரும். அதைத் தீர்த்த பிறகு பிரவுசரைத் திறங்கள். பாதி வழியில் கடவுச்சொல் கேட்டு, பயனர் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது குறியீடு காலாவதியாகும் நிலை இதனால் தவிர்க்கப்படும். இந்த ஒரு மாற்றம் தரும் பலன் வேறு எதிலும் இல்லை என்பேன்.

மூன்றாவதுதான் பயனரை அதிகம் துன்புறுத்துவது. மென்பொருள் பின்னணியில் ரெஃப்ரெஷ் டோக்கனை வைத்துப் புது டோக்கன் வாங்கிக்கொண்டே இருக்கும். பயனர் அலுவலகக் கடவுச்சொல்லை மாற்றுகிறார், மென்பொருளிடம் பழைய ப்ராக்ஸி கடவுச்சொல் இருக்கிறது, 407 வருகிறது. "புதுப்பித்தல் தோல்வி, ஆகவே டோக்கன் செல்லாது" என்று முடிவுகட்டி, ரெஃப்ரெஷ் டோக்கனை அழித்துப் பயனரை வெளியேற்றிவிடும் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டோக்கன் செல்லாது என்று சொல்லும் உரிமை அதைக் கொடுத்த சேவைக்கு மட்டும்தான். 407, நேர முடிவு, பெயர் கண்டுபிடிக்க முடியாமை, டிஎல்எஸ் பிழை இவை எது வந்தாலும் டோக்கனைத் தொடாதீர்கள். சேவையே "இந்த அனுமதி செல்லாது" என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் அழியுங்கள். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: சில ப்ராக்ஸிகள் தடையைச் சொல்ல 200 என்ற எண்ணோடு ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பும். பதில் ஜேசன் வடிவில் (டோக்கன் பதில்கள் வரும் தரவு வடிவம்) இல்லையென்றால் அது உங்கள் சேவை பேசிய பேச்சே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ப்ராக்ஸியிடம் எப்படி அடையாளம் காட்டுவது என்பதற்கு வருவோம். 407-உடன் ப்ராக்ஸி தனக்குத் தெரிந்த முறைகளின் பட்டியலையும் அனுப்புகிறது. நடைமுறையில் நான்கு பெயர்களைப் பார்ப்பீர்கள்: பேசிக், டைஜஸ்ட், என்டிஎல்எம், நெகோஷியேட்.

பேசிக் என்பது யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு முக்காற்புள்ளியால் சேர்த்து, பேஸ்64-ஆக மாற்றி அனுப்புவது. பேஸ்64 மறைகுறியாக்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். நீங்கள் போகும் சேவை எச்டிடிபிஎஸ் என்பதால் இதுவும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கனெக்ட் கட்டளை சுரங்கப்பாதைக்கு வெளியே போவது. உங்கள் கணினிக்கும் ப்ராக்ஸிக்கும் இடையிலான இணைப்பு வெறும் எச்டிடிபி என்றால் கடவுச்சொல் அப்படியே திறந்து கிடக்கும். பல அலுவலகங்களில் அது மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் உரிய அதே டொமைன் (அலுவலகத்தின் மையக் கணக்கு அமைப்பு) கடவுச்சொல். ப்ராக்ஸியோடு பேசும் இணைப்பையே டிஎல்எஸ் மேல் வைக்க முடிந்தால் வையுங்கள். டைஜஸ்ட் கடவுச்சொல்லை நேராக அனுப்பாது, ஆனால் அலுவலக ப்ராக்ஸிகளில் அதைக் காண்பது அரிது.

என்டிஎல்எம் மூன்று செய்திகளில் நடக்கும். மென்பொருள் "என்டிஎல்எம் பேசலாம்" என்கிறது. ப்ராக்ஸி இன்னொரு 407-உடன் ஒரு சவால் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கடவுச்சொல்லின் ஹேஷோடு (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் படிக்க முடியாத மதிப்பு) சேர்த்துக் கணக்கிட்ட விடையை மென்பொருள் திருப்பி அனுப்புகிறது. ஆக, வெற்றிகரமான ஓர் இணைப்பிலேயே இரண்டு 407 வருவது இயல்பு. லாக்கில் 407 கண்டவுடன் "தோல்வி" என்று எண்ணாதீர்கள். கடைசியில் என்ன எண் வந்தது என்று பாருங்கள். இந்த மூன்று செய்திகளும் ஒரே டிசிபி இணைப்பில் நடந்தாக வேண்டும். இடையில் இணைப்பை மூடித் திறந்தால் சவால் எண் மாறிவிடும், பேச்சு முதலிலிருந்து தொடங்கும். "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இதனால்தான்: 407 வந்ததும் இணைப்பை மூடிவிடும் நூலகங்கள், அல்லது மென்பொருளுக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவே இணைப்புகளைக் கலந்து அனுப்பும் லோடு பேலன்சர்.

நெகோஷியேட் முறையில் முதலில் கெர்பரோஸ் முயலப்படும், முடியாவிட்டால் என்டிஎல்எம். கெர்பரோஸில் கடவுச்சொல் ப்ராக்ஸிக்குப் போகவே போகாது. பயனர் காலையில் கணினியில் உள்நுழைந்தபோது கிடைத்த சீட்டை வைத்து, இந்த ப்ராக்ஸிக்கென்று ஒரு தனிச் சீட்டு வாங்கிக் காட்டப்படுகிறது. அந்தச் சீட்டு ப்ராக்ஸியின் பெயரைக் கொண்டே வழங்கப்படும். இங்கே ஒரு சிறு விஷயம் பெரிய தொல்லையாகும்: செட்டிங்ஸில் யாராவது ப்ராக்ஸியைப் பெயருக்குப் பதில் ஐபி எண்ணாக எழுதியிருந்தால் கெர்பரோஸ் பொதுவாக நடக்காது, சத்தமில்லாமல் என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். நெடுநாள் யாருக்கும் தெரியாது. நிர்வாகி என்டிஎல்எம்மை மூடும் நாளில் உங்கள் மென்பொருள் நின்றுபோகும். அந்த நாள் தொலைவில் இல்லை. என்டிஎல்எம்மைக் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் சேர்த்துவிட்டது. அதன் முதல் பதிப்பு விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கடிகாரமும் கவனிக்க வேண்டியது: கணினியின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தால் இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் மறுத்துவிடும்.

இந்த முறைகளை நீங்களே எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இயங்குதளத்துக்கு இவை தெரியும், சீட்டுகள் அதனிடம் இருக்கின்றன, அதனால் உங்கள் மென்பொருள் பயனரின் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டியதில்லை. பெட்டிகள் பெரும்பாலும் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினியில் நெகோஷியேட் வழங்கும் ப்ராக்ஸி இருந்தால், ஒரே ஓர் அமைப்பை இயக்கினாலே வேலை முடிந்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் அந்த அமைப்பின் பெயர் டிஃபால்ட்ப்ராக்ஸிகிரெடென்ஷியல்ஸ், எச்டிடிபிகிளையன்ட்ஹேண்ட்லரில் இருக்கிறது. அதில் கிரெடென்ஷியல்கேஷ் தரும் இயல்பு அடையாளத்தை வைத்தால் நடப்புப் பயனரின் உள்நுழைவு ப்ராக்ஸிக்குக் காட்டப்படும். இதை ப்ராக்ஸிக்கு மட்டும் வையுங்கள். சேவைக்கான கிரெடென்ஷியல்ஸ் என்ற இன்னொரு அமைப்பிலும் அதையே போட்டுவிடாதீர்கள். போட்டால் வெளியே எந்தச் சர்வர் என்டிஎல்எம் கேட்டாலும் பயனரின் அலுவலக அடையாளத்தை அதற்குக் காட்ட உங்கள் மென்பொருள் தயாராக நிற்கும். இந்த இயல்பு அடையாளம் பேசிக் முறைக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். இயங்குதளத்திடம் கொடுப்பதற்குக் கடவுச்சொல்லின் எழுத்துகள் இல்லை.

ஜாவாவில் வேறொரு கதை. இணையத்தில் தேடினால் எச்டிடிபி.ப்ராக்ஸியூசர், எச்டிடிபி.ப்ராக்ஸிபாஸ்வேர்ட் என்ற இரண்டு அமைப்புகளை வைக்கச் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். ஜாவாவின் சொந்த யூஆர்எல்கனெக்ஷன் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆத்தென்டிகேட்டர் என்ற வகுப்பை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குள், கேட்பது ப்ராக்ஸியா சர்வரா என்று ரெக்வெஸ்டர்டைப் மூலம் கட்டாயம் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுக்கும் மாதிரி நிரல்கள் ஏராளம். அவை ப்ராக்ஸி கடவுச்சொல்லை வெளிச் சர்வர்களுக்கு வாரி வழங்குகின்றன. இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் எச்டிடிபிஎஸ் மட்டும் 407-இல் நிற்கலாம். 2016 அக்டோபரில் வந்த ஜாவா 8-இன் 111-ஆம் புதுப்பிப்பிலிருந்து, கனெக்ட் சுரங்கப்பாதைக்குப் பேசிக் முறை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன அதே காரணம்: கடவுச்சொல் திறந்து போகிறது. டனலிங்.டிஸேபிள்டுஸ்கீம்ஸ் என்று முடியும் அமைப்பைக் காலியாக்கினால் மறுபடி நடக்கும். ஆனால் அதை எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்துக் காலியாக்காதீர்கள். பேசிக் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில், நிர்வாகி தெரிந்து இயக்கும் ஒரு தேர்வாக வையுங்கள்.

எலக்ட்ரானில் (குரோமியம் பிரவுசரையும் நோடையும் சேர்த்து டெஸ்க்டாப் மென்பொருள் கட்டும் கருவி) எழுதினால் ஒரே மென்பொருளுக்குள் இரண்டு நெட்வொர்க் அடுக்குகள் இருக்கும். ஜன்னலுக்குள் நடப்பது குரோமியத்தின் வழியாகப் போகும், இயங்குதள ப்ராக்ஸி அதற்குத் தெரியும். முதன்மைப் புராசஸில் நோடின் எச்டிடிபிஎஸ் தொகுதியையோ அதன் மேல் கட்டிய நூலகத்தையோ பயன்படுத்தினால், அது இயங்குதள ப்ராக்ஸி அமைப்பைப் பார்ப்பதில்லை. டோக்கன் கோரிக்கையை எலக்ட்ரானின் சொந்த நெட் தொகுதிக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். 407-க்குக் கடவுச்சொல் தேவைப்பட்டால் லாகின் என்ற நிகழ்வு எழும். அதில் இஸ்ப்ராக்ஸி என்ற குறி உண்மையா என்று பார்த்தே பதில் கொடுங்கள். சி++ நூலகமான க்யூட்டியில் ப்ராக்ஸிஆத்தென்டிகேஷன்ரெக்வயர்டு என்ற சிக்னல் இதே வேலையைச் செய்கிறது. கொடுத்த கடவுச்சொல்லை ப்ராக்ஸி மறுத்தால் அந்தச் சிக்னல் மறுபடி எழும். நீங்கள் மறுபடியும் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிவில்லாத சுழற்சி. இரண்டாம் முறை எதையும் நிரப்பாமல் விட்டால் கோரிக்கை முறையாகத் தோற்கும்.

பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் போன்ற நூலகங்கள் சூழல் மாறிகளிலிருந்து (இயங்குதளம் நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) ப்ராக்ஸி முகவரியை எடுக்கும். அந்த முகவரிக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதுவது வழக்கம். கடவுச்சொல்லில் அட் குறியோ, சாய்கோடோ, முக்காற்புள்ளியோ இருந்தால் அதைச் சதவீதக் குறியீடாக மாற்றி எழுத வேண்டும். அட் குறிக்கு %40. இல்லாவிட்டால் முகவரி தவறான இடத்தில் பிளந்து, இல்லாத ஒரு சர்வரைத் தேடிப் போகும். ரெக்வெஸ்ட்ஸின் 2.31.0-க்கு முந்தைய பதிப்புகளில், எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடப்படும்போது ப்ராக்ஸி-ஆத்தரைசேஷன் ஹெடர் வெளிச் சர்வருக்கே போய்விடும் பாதுகாப்புக் குறை இருந்தது, 2023-இல் சரிசெய்தார்கள். பழைய பதிப்பைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.

அடையாளம் ஒருபுறமிருக்க, எந்த ப்ராக்ஸி என்பதையும் மென்பொருள் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகங்கள் பல நேரம் முகவரிக்குப் பதில் பேக் (PAC) கோப்பைக் கொடுக்கின்றன. 1996-இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த அதே ஏற்பாடுதான்: ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு ஒவ்வொரு முகவரிக்கும் "இந்த ப்ராக்ஸி வழியாகப் போ" அல்லது "நேராகப் போ" என்று சொல்லும். செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்ற பெட்டியில் பயனர் பேக் கோப்பின் முகவரியையே ஒட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுவார். அதை அடையாளம் கண்டு சொல்லும் அளவுக்காவது மென்பொருள் இருக்கட்டும். பேக்கை இயக்கும் வேலையையும் இயங்குதளத்திடமே விடுங்கள். 127.0.0.1 எப்போதும் ப்ராக்ஸிக்குப் போகாதபடி வையுங்கள். உள்நுழைவுப் பதில் அங்கேதான் வருகிறது, உங்கள் மென்பொருளின் பாகங்கள் ஒன்றோடொன்று பேசுவதும் பெரும்பாலும் அங்கேதான். சூழல் மாறி ப்ராக்ஸியைச் சுட்டும்போது விலக்குப் பட்டியல் காலியாக இருந்தால், உங்கள் மென்பொருள் தன்னோடு தானே பேச ப்ராக்ஸியிடம் அனுமதி கேட்டு நிற்கும்.

விண்டோஸில் பின்னணிச் சர்வீஸாக ஓடும் பாகம் ஏதாவது, உதாரணமாகத் தானியங்கிப் புதுப்பிப்பான், உங்களிடம் இருந்தால் அது தனிச் சிக்கல். பயனரின் ப்ராக்ஸி அமைப்பு அந்தப் பயனருக்கு மட்டும் உரியது. லோக்கல்சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸுக்கு அது தெரியாது. அடையாளமும் வேறு: ப்ராக்ஸியிடம் அது கணினியின் கணக்காகப் போய் நிற்கும், பல நிர்வாகிகள் அதை அனுமதிப்பதில்லை. பயனரின் கடவுச்சொல்லைச் சர்வீஸுக்குக் கடத்துவதைவிட, பயனர் புராசஸே கோப்பைப் பதிவிறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவும் வேலையை மட்டும் சர்வீஸிடம் விடுவது மேல்.

கடவுச்சொல் கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு: பேசிக் மட்டும் தெரிந்த ப்ராக்ஸி, டொமைனில் சேராத மடிக்கணினி, சொந்தக் கணினியைக் கொண்டுவரும் ஒப்பந்த ஊழியர். அங்கே கேளுங்கள், ஆனால் செட்டிங்ஸில் நிரந்தரப் பெட்டியாக இல்லை; 407 வந்த பிறகு, இயங்குதள அடையாளம் மறுக்கப்பட்ட பிறகு, தேவைப்பட்ட நேரத்தில் கேளுங்கள். உரையாடல் பெட்டியில் ப்ராக்ஸியின் பெயரையும் போர்ட்டையும் காட்டுங்கள். "இது உங்கள் அலுவலக நெட்வொர்க்கின் கடவுச்சொல், எங்கள் சேவையின் கடவுச்சொல் இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பயனர் உங்கள் சேவையின் கடவுச்சொல்லை ப்ராக்ஸியிடம் கொடுப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி முயல்வார்.

அப்படி முயலும்போதுதான் கணக்குப் பூட்டிக்கொள்கிறது. டொமைன் கணக்குகளுக்குத் தவறான முயற்சிக்கு வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் மென்பொருள் பத்து இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, பத்திலும் பழைய கடவுச்சொல்லை அனுப்பினால் அது பத்து தவறான முயற்சி. பயனர் கடவுச்சொல் மாற்றிய மறுநாள் காலை, மென்பொருள் தானாகத் தொடங்கி, சில நொடிகளில் அவருடைய மின்னஞ்சலையும் சேர்த்துப் பூட்டிவிடும். காரணம் உங்கள் மென்பொருள் என்று யாருக்கும் உடனே தெரியாது. ஆகவே மறுக்கப்பட்ட கடவுச்சொல்லை மறுபடி அனுப்பவே கூடாது. ஒரு 407 வந்ததும் மற்ற இணைப்புகள் எல்லாம் காத்திருக்கட்டும். ஓர் இணைப்பு மட்டும் முயலட்டும். அது வென்றால் மற்றவை தொடரட்டும், தோற்றால் சேமித்த கடவுச்சொல்லைக் கைவிட்டுப் பயனரிடம் ஒருமுறை கேட்கட்டும். அவர் ரத்து செய்தால் மென்பொருள் ஆஃப்லைன் நிலைக்குப் போகட்டும். நொடிக்கொரு முறை பெட்டியைத் திறக்க வேண்டாம்.

சேமிப்பதென்றால் இயங்குதளத்தின் பெட்டகத்தில்: விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், லினக்ஸில் சீக்ரெட் சர்வீஸ் வழியாக க்னோம் கீரிங் அல்லது கேவாலட். அமைப்புக் கோப்பில் பேஸ்64-ஆகவோ, நிரலுக்குள் ஒளித்த சாவியால் மறைத்தோ வைப்பது சேமிப்பு ஆகாது. ப்ராக்ஸி கடவுச்சொல்லையும் சேவையின் டோக்கனையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள். பயனர் உங்கள் சேவையிலிருந்து வெளியேறும்போது டோக்கன் மட்டும் அழியட்டும்.

407-ஐத் தாண்டிய பிறகு சான்றிதழ் பிழை வந்தால் பதற வேண்டாம். சில ப்ராக்ஸிகள் டிஎல்எஸ்ஸை நடுவில் பிரித்துப் படித்து, தங்கள் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்பும். அந்த நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் இயங்குதளப் பெட்டகத்தில் இருக்கும். பிரவுசர் அதை நம்பும். தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைக் கட்டிக்கொண்டு வரும் உங்கள் நூலகம் நம்பாது. இயங்குதளப் பெட்டகத்தைப் படிக்கச் செய்யுங்கள். சரிபார்ப்பையே அணைக்கும் தேர்வை மட்டும் எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டோக்கன் போகும் பாதை அது.

சாக்ஸ்5 என்ற வேறு வகை ப்ராக்ஸியைக் கேட்பவர்களும் இருப்பார்கள். அதற்கான யூசர்நேம்-பாஸ்வேர்ட் முறை ஆர்எஃப்சி 1929 (1996) சொல்வது. கடவுச்சொல் அதிலும் வெறும் எழுத்தாகவே போகும். மேலே பேசிக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

லாக்கில் ஒவ்வொரு தோல்விக்கும் இவற்றை எழுதுங்கள்: பேசியது ப்ராக்ஸியா சர்வரா, எந்த ப்ராக்ஸி, அந்த முகவரி எங்கிருந்து வந்தது, ப்ராக்ஸி என்னென்ன முறைகளைச் சொன்னது, நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள், கடைசி எண் என்ன. ஆத்தரைசேஷன், ப்ராக்ஸி-ஆத்தரைசேஷன் இரண்டின் மதிப்பையும் எழுதும் முன் அழித்துவிடுங்கள். ப்ராக்ஸி முகவரிக்குள் கடவுச்சொல் இருந்தால் அதையும். வாடிக்கையாளர் லாக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்புவார்.

சோதிக்க பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு மெய்நிகர் கணினியில் ஸ்க்விட் என்ற இலவச ப்ராக்ஸி மென்பொருளை நிறுவி, பேசிக் முறையை இயக்கி, வெளியே போகும் மற்ற எல்லா வழியையும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். அடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் ப்ராக்ஸியை மறந்து நேராகப் போகும் பாகம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்க்விட்டை இடைமறிக்கும் முறையில் வைக்காதீர்கள். அந்த முறையில் கிளையன்ட்டுக்கு ப்ராக்ஸி இருப்பதே தெரியாது என்பதால் 407 உள்நுழைவு அங்கே நடக்காது. பேசிக் சரியானதும் டொமைனோடு இணைத்து நெகோஷியேட்டைச் சோதியுங்கள். ப்ராக்ஸியைப் பெயரால் ஒருமுறை, ஐபியால் ஒருமுறை. பிறகு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்விட்டில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஸ்க்விட் பழைய விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால் அதையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு, அதன் அணுகல் லாக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் பழைய கடவுச்சொல்லை எத்தனை முறை அனுப்புகிறது, ரெஃப்ரெஷ் டோக்கன் பிழைத்திருக்கிறதா, பெட்டி ஒருமுறைதான் திறக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிடும்.